இளைப்பாறச் சொன்னார்

ரயில்வே கேட்டை முக்கால்வாசி தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் இராஜம்மா திரும்பிப் பார்த்தாள். நாகையா இன்னும் கொடியைக் கையில் எடுக்கவில்லை. பெட்டியின்மேல் உட்கார்ந்து, கேட்டுக் குடிசையின் பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, முகத்தை வண்டி வருகிற கிள்ளான் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பச்சைக் கொடி சுருட்டினபடியே மடியில் கிடந்தது.

"என்னாங்க, வண்டி வளைவுக்கு வந்துடுச்சு. கொடியை எடுங்க."

பதில் இல்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. ஒன்பது மாதமாகவே அவர் பாதிப் பேச்சுக்குத்தான் பதில் சொல்லுவார். பேசினால் மூச்சு செலவாகிறது என்பார். எதிர்ப் பக்கத்துக் கேட்டை முதலிலேயே மூடியாயிற்று. இந்தப் பக்கத்துக் கேட்டின் கீல் தொங்கிப்போய், அடிப்பலகை மண்ணில் உரசும். அடிப்பலகையைக் காலால் ஓர் உதை உதைத்து, அது எழும்பின கணத்தில் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். அப்படியே தள்ளிக் கொக்கியை மாட்டிவிட்டு அவரிடம் போனாள்.

தோளைத் தொட்டாள். மடியிலிருந்த கை நழுவிப் பக்கத்தில் தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு எழும்பவில்லை. ஒன்பது மாதமாக அந்த மார்பு எழும்புவதையும் தாழ்வதையும் தவிர வேறு எதையும் அவள் அவ்வளவாகப் பார்த்ததில்லை. அதனால் இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வண்டி வளைவில் கூவியது.

அவள் கொடியை எடுத்து விரித்தாள். பெட்டிக்குப் பின்னால் குந்தி, அவர் தோளுக்கு மேலாகக் கொடியை நீட்டிப் பிடித்தாள். எஞ்சினிலிருந்து பார்க்கிறவனுக்குக் கேட்டுக்காரர்தான் கொடி காட்டுகிறார் என்று தோன்றும். கோலாலம்பூருக்குப் போகிற காலை வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வண்டி ஓட்டுகிறவர் வழக்கம்போல நாகையாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

கடைசிப் பெட்டி போனதும் இரண்டு கேட்டையும் திறந்தாள். பங்சார் தோட்டத்து மாட்டு வண்டி ஒன்று ரப்பர் பாளங்களோடு காத்திருந்தது. வண்டிக்காரரிடம், "அண்ணே, பிரிக்பீல்ட்ஸ் லயத்துல என் கொழுந்தனாரு ரெங்கசாமிகிட்ட சொல்லிடுங்க. அவரு அண்ணன் போயிட்டாருன்னு" என்றாள். அந்த மனிதர் பெட்டியின்மேல் இருந்தவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாட்டை அதட்டினார்.

அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவும் அதிக நேரம் இல்லை. அலுத்துப் போயிருந்தாள்.

ஜெர்மன் சண்டை முடியப்போகிற வருஷத்து ஐப்பசியில் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் மட்டும் ஒரே வாரத்தில் பதினோரு பேர் போனார்கள். நாகையாவையும் மாட்டு வண்டியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தபோது, பதினெட்டாம் நாள் தன் காலாலேயே நடந்து வந்தார். கையில் சுகமாகிவிட்டது என்று எழுதின சீட்டு ஒன்று இருந்தது. லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் அவரைப் பார்க்கவில்லை. இராஜம்மாவின் கழுத்தைப் பார்த்தார்கள்.

"உனக்குத் தாலி கெட்டிக்கா" என்றாள் புஷ்பவல்லி. நிலக்கரி அள்ளிப்போடுகிற வேலையில் இருந்த அவள் புருஷன் நாலே நாளில் போய்ச் சேர்ந்திருந்தான்.

கெட்டியான தாலியின் லட்சணம் கேட்டுக் குடிசைக்குத் திரும்பின இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கிணற்றிலிருந்து குடிசைக்கு முப்பது தப்படி. அதற்குள் நாகையா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். சிமினி விளக்கை ஊதி அணைக்கப் போனார். சுடர் ஆடிவிட்டு நின்றுகொண்டது. மல்லாந்து படுத்தால் தண்ணீரில் முங்கினமாதிரி இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். பழைய துணிகளை அரிசிச் சாக்கில் திணித்துச் சுவரோரமாக நிறுத்திக் கொடுத்தாள். அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். காய்ச்சல் இல்லை. இருமல்கூட இல்லை. சோறு இறங்கியது, ஆனால் நடுவில் இரண்டு தடவை கையை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சாப்பிடுவார். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்து கொடுக்கிறவர் பழைய சீட்டைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நன்றாகச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்.

யாரிடம் சொல்வது? உயிரோடு இருக்கிற புருஷனுக்கு மூச்சு வாங்குகிறது என்று புஷ்பவல்லியிடம் போய் எந்த வாயால் சொல்வது? லயத்துக்குப் போகிறபோதெல்லாம் "நல்லாருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அவளுக்கும் கோபம் வந்ததுண்டு. ஒரு நாள் தண்ணீர் தூக்கி, விறகு உடைத்து, சமைத்துவிட்டு வந்து பார்த்தால் அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சுகமாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தாச்சு. இன்னும் என்னாதான் உங்களுக்கு?" என்று கத்திவிட்டாள். அவர் மூச்சுக்குக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "எழுதினவன்... வந்து... கேட்டைத் தள்ளட்டும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இரைப்பாக மாறி அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவரைச் சிரிக்க வைக்கவும் அவளுக்குப் பயம்.

மாசி மாதம் இன்ஸ்பெக்டர் துரை டிராலியில் பாதை பார்க்க வந்தார். கூடவே கணக்கு எழுதுகிற கிராணி சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக இருப்பார், யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். துரைக்கு முன்னால் நாகையா கேட்டை மூடித் திறந்து காட்டினார். துரை தண்டவாளத்தைப் பார்த்தார். கிராணியார் நாகையாவின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். போகும்போது இராஜம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, உவரை இளைப்பாறச் சொல்லும். உந்த நிலையிலை நிண்டு வேலை செய்யேலாது. இளைப்பாறினால் இன்னும் கனகாலம் இருப்பார். யோசிச்சுப்போட்டுச் சொல்லும்."

இராஜம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் உட்கார்ந்து இளைப்பு ஆறட்டும், கேட்டை நீ பார்த்துக்கொள், நான் கண்டுகொள்ள மாட்டேன் என்று இதைவிட நாசூக்காக ஒருவர் சொல்ல முடியுமா? யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

அன்றைக்கே பெட்டியை வெளியே போட்டாள். நாகையா முதலில் ஒப்பவில்லை.

"கிராணியா... சொன்னாரு?"

"அவரு வாயாலதாங்க. இளைப்பாறச் சொன்னாரு."

அவள் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "கேட்டு நாகையா... கேட்டு மூடலைன்னு... ஒரு வாய்... சொல்லப்படாது. என் தம்பிகூட." பதினாலு வருஷம் ஒரு வண்டிக்கும் கேட்டைத் திறந்து போடாத மனிதர். வேறு பெருமை அவருக்கு இல்லை. சத்தியம் செய்தாள்.

அதிலிருந்து ஐந்து மாதம். அவள் கேட்டைத் தள்ளுவாள்; அவர் உட்கார்ந்து கொடி காட்டுவார். வண்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பார்த்தால், பெண்சாதி ஒத்தாசை செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். துரை வருகிற நாளில் மட்டும் அவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. கடைசியாக முந்தாநாள் வந்தார்கள். துரை தண்டவாளக் கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கிராணியாரிடம் அரை மணி நேரம் ஏதோ பேசினார். அவ்வளவு நேரமும் நாகையா கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இராஜம்மா கிராணியாரைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரைக்கு முன்னால் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறார் என்று அதற்கும் சேர்த்து மனதுக்குள் கும்பிட்டாள். டிராலி மறைந்த பிறகு நாகையாவைத் தூக்காத குறையாகத்தான் உள்ளே கொண்டுபோனாள். அதற்கப்புறம் அவருடைய மூச்சு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

பத்து மணிக்குள் லயத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ரெங்கசாமி ஓடி வந்து அண்ணன் மார்பில் விழுந்து அழுதார். ஒர்க்ஷாப்பில் சம்மட்டி அடிக்கிற ஆள். அழுகையும் சத்தமாகத்தான் இருந்தது.

"எப்படி அண்ணி? என்னா ஆச்சு? போன மாசம் பார்த்தப்போ நல்லாத்தானே உக்காந்திருந்தாரு!"

இராஜம்மா தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். "காலை வண்டிக்குக் கேட்டை மூடினாரு. வந்து உக்காந்தாரு. கொடி காட்டினாரு. அவ்வளவுதான் தம்பி."

"கடைசி மூச்சு மட்டும் வேலை பார்த்த மனுஷன்" என்றார் கூட வந்த பெரியவர் ஒருவர். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. இராஜம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவரைக் குடிசைக்குள் கொண்டுபோய்ப் பாயில் படுக்க வைத்தார்கள். இராஜம்மா சுவரோரமிருந்த சாக்கு மூட்டையை இழுத்து வந்து அவர் முதுகுக்குக் கீழே கொடுக்கப் போனாள். லயத்து ஆட்களோடு வந்திருந்த புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்தாள்.

"இது எதுக்குக்கா?"

இராஜம்மா விழித்தாள். பிறகு மூட்டையை விட்டுவிட்டாள். நாகையா மல்லாந்து, காலை நீட்டி, சிரமம் எதுவும் இல்லாமல் படுத்திருந்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் அப்படிப் படுத்து அவள் பார்த்ததே இல்லை.

புஷ்பவல்லி மூட்டையைத் திரும்பச் சுவரோரமாக வைக்கப் போனவள் நின்றாள். மூட்டையில் ஒரு முதுகின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கு நேரே, பலகைச் சுவரில் ஒரு தலையின் உயரத்தில் எண்ணெய்க் கறை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உக்காந்துக்கிட்டா தூங்குவாரு?"

இராஜம்மா பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"எத்தனை நாளாக்கா?" என்று கேட்கப் போய்ப் பாதியில் நிறுத்தினாள். மூட்டையை யாரும் பார்க்காதபடி விறகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, இராஜம்மாவின் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். லயத்தில் எத்தனையோ தடவை கேட்ட 'உனக்கென்னக்கா' அன்றைக்கு அவள் வாயிலிருந்து வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சரக்கு வண்டி. மாற்று ஆள் கிள்ளானிலிருந்து சாயங்கால வண்டியில்தான் வருவார் என்று தகவல் வந்திருந்தது. அதுவரை கேட்டை ரெங்கசாமி பார்த்துக்கொள்ள வேண்டியது. எதிர்ப் பக்கத்துக் கேட்டு சும்மா வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக் கேட்டு அசைய மறுத்தது. ரெங்கசாமி இழுத்தார், தள்ளினார், திட்டினார். கடைசியில் இன்னொரு ஆளையும் கூப்பிட்டு, இரண்டு பேரும் அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டுதான் மூடினார்கள்.

"யம்மாடி, என்னா கனம்! இதை அண்ணன் எப்படித்தான் ஒத்தை ஆளா..." என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "காய்ச்சல்ல கெடந்து எழுந்த உடம்பு வேற. அவரு உடம்பு இரும்புய்யா."

உதை, பிறகு தோள் என்று இராஜம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். பாயில் கிடந்தவரைப் பார்த்தாள். கேட்டுக்கிட்டீங்களா, இரும்பாம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் இருந்திருந்தால் இதற்குச் சிரித்து அரை மணி நேரம் இரைத்திருப்பார்.

இரண்டு மணிவாக்கில் டிராலியில் கிராணியார் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாகையாவின் காலடியில் நின்று கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். கண்ணைத் திறந்தபோது அது ஈரமாக இருந்தது. கிராணியாருடைய தம்பி ஒருவரும் அதே காய்ச்சலில் போனவர் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள்.

"நான் மாசியிலேயே சொன்னனான் எல்லே பிள்ளை" என்றார். "உவரை இளைப்பாறச் சொல்லி. ஏன் கேக்கேல்லை?"

"சொன்னேங்க."

"சொல்லியும் கேக்கேல்லையோ? ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் பெரிய டாக்குத்தரிட்டைக் காட்டியிருப்பன். துரையிட்டைக் கேட்டுப் பேரை எடுப்பிச்சு, கேட்டுக்கு வேறை ஆளைப் போட்டு, இவரை மரியாதையாய் இளைப்பாற விட்டிருப்பம். தம்பி வீட்டிலை போய் ஆறுதலாய்ப் படுத்திருக்கலாம். அஞ்சு மாசம் பாத்துக்கொண்டிருந்தன். முந்தாநாளும் நீர் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறீர். இவர் மூச்சுவிட ஏலாமல் துரைக்கு முன்னாலை நிக்கிறார். எனக்குப் பாக்கப் பொறுக்கேல்லை."

இராஜம்மா நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

"இளைப்பாறுறதுன்னா..." என்றாள். "வேலையை விட்டு நிக்கிறதுங்களா?"

"வேறை என்ன? உத்தியோகத்திலை இருந்து இளைப்பாறுறது."

அவ்வளவுதான். ஒரே சொல். இவள் ஊரில் அதற்கு உட்கார்ந்து மூச்சு வாங்குவது என்று அர்த்தம். அவர் ஊரில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று அர்த்தம். நடுவில் ஒரு மனிதர் ஐந்து மாதம் பெட்டியின்மேல் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் அந்த அரை மணி நேரம் அவர் நின்றிருக்கவே வேண்டியதில்லை. இராஜம்மாவுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் கையைத் தூக்கத் தெம்பு இல்லை.

வாசலில் நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிராணியே வேலையை விடச் சொல்லிருக்காரு. இந்தப் பொம்பளை விடலை போல இருக்கே" என்றது ஒரு குரல்.

"கோட்டர்ஸ் வீடு போயிடும்னு பார்த்திருப்பா."

"நோய்க்கார மனுஷன், பாவம். அந்தக் கனத்துக் கேட்டை..."

ரெங்கசாமி அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் கண் சிவந்திருந்தது. "ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? என் வீட்டுல ஒரு மூலை இல்லையா அண்ணனுக்கு? அந்த உடம்போட அந்தக் கேட்டை... உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

ஒரு வாக்கியம் போதும். அவர் தள்ளலை, நான்தான் தள்ளினேன். அதைச் சொன்னால் வாசலில் எல்லா வாயும் மூடிக்கொள்ளும். பதிலுக்கு, கடைசி மூச்சு மட்டும் வேலை பார்த்த மனுஷன் என்று பத்து மணிக்குச் சொன்ன அதே வாய்கள், பெண்சாதியைக் கேட்டுத் தள்ள விட்டு உட்கார்ந்திருந்த மனுஷன் என்று இரண்டு மணிக்குச் சொல்லும். சுடுகாடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பேர் அவருக்கு வேண்டுமா?

"வரலைதான் தம்பி" என்றாள். "மனசு கல்லாயிடுச்சு."

புஷ்பவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இராஜம்மா அவள் தொடையை அழுத்தினாள்.

குளிப்பாட்டுவதற்கும் பாடை கட்டுவதற்கும் நேரம் போய்விட்டது. பறை அடிக்கிறவர்கள் சாலாக் செலாத்தானிலிருந்து வர வேண்டியிருந்தது, மூன்றரைக்குத்தான் வந்தார்கள். வந்த வேகத்தில் காது கிழிய அடித்தார்கள். சுடுகாடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்து எல்லையில் இருந்தது. நாலு மணி வண்டி போன பிறகு எடுப்பது என்று பேச்சு.

இராஜம்மா தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்கரிசி போட்டாள். யாரோ அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளும் அழுதாள். பாதி பேர் ஆறுதலுக்குக் கட்டிப்பிடித்தார்கள், பாதி பேர் கடமைக்கு. எது எது என்று அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது.

"மணி நாலரை ஆகப்போகுது. தூக்குங்கப்பா" என்றார் பெரியவர்.

பாடை எழும்பியது. ரெங்கசாமி கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார். பெண்கள் வாசல் வரைக்கும்தான். இராஜம்மா வாசலில் நின்றாள். கேட்டு அகலத் திறந்து கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு மணி வண்டி போகவில்லை.

போகவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். பறைச் சத்தத்தில் காது கேட்காமல் போகலாம். வண்டி போனால் குடிசைத் தரை அதிரும், பானைமேல் தட்டு ஆடும். இன்று ஆடவில்லை. வண்டி பிந்தி வருகிறது.

"வண்டி போகலை" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

"என்னாக்கா?"

"நாலு மணி வண்டி. இன்னும் போகலை."

"அதெல்லாம் குளிப்பாட்டும்போதே போயிருக்கும்கா. நீ உக்காரு."

பாடை கேட்டுக்கு இருபது தப்படி தூரத்தில் இருந்தது. இராஜம்மா வாசலை விட்டு இறங்கினாள். ஓடத் தெம்பு இல்லை, வேகமாக நடந்தாள். பாடையைத் தாண்டினாள். "பொம்பளை முன்னால போகப்படாதும்மா!" என்று பெரியவர் கத்தினார். ரெங்கசாமியையும் தாண்டினாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளி ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே கேட்டிடம் போய், அடிப்பலகையை வலது காலால் உதைத்து, தோளைக் கொடுத்தாள்.

கேட்டு ஒரு முனகலோடு நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. கொக்கியைப் பார்க்காமலே மாட்டினாள். வேலிச் சந்து வழியாகக் குனிந்து தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப் பக்கத்துக் கேட்டையும் சாத்தினாள். மொத்தமும் இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

பறை நின்றது. அந்த அமைதியில் வளைவிலிருந்து கூவல் கேட்டது.

எடுத்த பாடையைப் பாதி வழியில் இறக்கக் கூடாது. நாலு பேரும் மூடின கேட்டுக்கு முன்னால் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார்கள். இராஜம்மா ஓடிப்போய்ப் பெட்டியின்மேல் கிடந்த கொடியை எடுத்து விரித்துப் பிடித்தாள். இந்தத் தடவை யார் தோளுக்குப் பின்னாலும் இல்லை. எஞ்சினிலிருந்தவர் ஆளில்லாத பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஜன்னலிலிருந்து முகங்கள் பார்த்துக்கொண்டே போயின.

கடைசிப் பெட்டியும் போனது. ரெங்கசாமி அந்தக் கேட்டின் அடிப்பலகையைப் பார்த்தார். அவள் கால் பட்டுப் பட்டு அந்த இடத்தில் சாயம் போயிருந்தது. பிறகு தன் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். அவர் உதடு கோணியது.

கிராணியார் முன்னால் வந்தார். மனிதர் முகம் வெளிறியிருந்தது.

"எத்தினை நாளாய் பிள்ளை?"

"நீங்க சொன்ன நாள்லேருந்துங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக ஒதுங்கி நின்றார்.

இராஜம்மா எதிர்ப் பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, இந்தப் பக்கத்துக் கொக்கியை எடுத்தாள். ஐந்து மாதம் காப்பாற்றின சத்தியத்தை அவர் சுடுகாடு போய்ச் சேருவதற்குள் முறித்தாயிற்று. மன்னிப்புக் கேட்கலாம் என்று பாடையின் பக்கம் திரும்பினாள். இத்தனை பேருக்கு நடுவில் கூச்சமாக இருந்தது. கேட்டைத் திறந்து, அது திரும்பிச் சாத்திக்கொள்ளாமல் இடுப்பைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ரெங்கசாமி அவளைக் கடக்கும்போது நின்று, தலையைக் குனிந்து, "அண்ணி" என்றார். பாடை அவளைத் தொடுகிற தூரத்தில் கடந்து தண்டவாளத்தைத் தாண்டியது. அந்தப் பக்கம் செம்மண் மேடு. மழை வருகிற மாதிரி இருந்தது. தூக்கினவர்கள் எட்டிப் போட்டு ஏறத் தொடங்கினார்கள்.

"மெதுவாப் போங்க!" என்று இராஜம்மா கூப்பிட்டுச் சொன்னாள். "அவருக்கு மூச்சு வாங்கும்."

முன்னால் தூக்கினவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். நாலு பேரும் நடையைக் குறைத்தார்கள். மேட்டின் பாதியில் ஒரு தடவை நின்றார்கள். பிறகு ஏறினார்கள்.